சைஃபர்: சுழியிலிருந்து மறையெழுத்துக்கு

தமிழில் 'சைபர்' என்று எழுதினால் மூன்று பொருள்கள் வந்து நிற்கின்றன. பழைய தலைமுறையினர் கணக்கில் சுழியத்தைச் சைபர் என்றுதான் சொன்னார்கள். காவல்துறையின் சைபர் குற்றப்பிரிவில் இருக்கும் சைபர் வேறு. இரண்டாம் உலகப்போரின் ரகசியச் செய்திகளைப் பற்றிய வரலாற்று நூல்களில் வரும் சைஃபர் மூன்றாவது. இவற்றில் முதலாவதும் மூன்றாவதும் ஒரே சொல். இடையில் உள்ளதற்கும் அவற்றுக்கும் உறவே கிடையாது. அது சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 1948-இல் நார்பர்ட் வீனர் 'சைபர்நெட்டிக்ஸ்' என்று ஒரு நூலுக்குப் பெயர் வைத்தபின் பரவியது. அதை இங்கே விட்டுவிடலாம்.

மற்ற இரண்டுக்கும் வேர் இந்தியாவில் இருக்கிறது. 'சூன்யம்' என்ற சமஸ்கிருதச் சொல்லை அரபுக் கணித அறிஞர்கள் 'வெறுமை' என்ற பொருளுள்ள தங்கள் சொல்லான 'ஸிஃப்ர்' ஆக்கிக்கொண்டார்கள். இத்தாலியின் ஃபிபொனாச்சி 1202-இல் எழுதிய கணக்கு நூலில் அது லத்தீன் உடை உடுத்தி 'ஸெஃபிரும்' ஆனது. அந்த வழியில் வந்ததுதான் 'ஸீரோ'. இன்னொரு கிளை 'சிஃப்ரா' என்று போய், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'சைஃபர்' ஆயிற்று. முதலில் சுழியம், பிறகு எந்த இலக்கமும், அப்புறம் இலக்கங்களையும் புதுக்குறிகளையும் எழுத்துக்குப் பதிலாக வைத்து எழுதும் ரகசிய எழுத்து என்று பொருள் விரிந்தது. ஐரோப்பிய அரசவைத் தூதர்கள் அப்படித்தான் கடிதம் எழுதினார்கள். பிரெஞ்சில் அந்தச் சொல் இன்றும் இலக்கத்தையும் குறிக்கிறது, மறையெழுத்தையும் குறிக்கிறது.

சைஃபரோடு எப்போதும் சேர்ந்தே வரும் சொல் 'கோட்'. போர்க்கால நூல்களைத் தமிழில் அறிமுகப்படுத்துகிறவர்கள் இரண்டையும் 'ரகசியக் குறியீடு' என்று ஒன்றாக்கிவிடுகிறார்கள். இது சின்ன விஷயம் இல்லை. இரண்டும் வேறு வேறு வேலை. வேறு வேறு மனிதர்கள் வேறு வேறு விதமாக உழைத்த வேலை. சொல் ஒன்றானால் அந்த உழைப்பும், அதைச் செய்தவர்களும் கண்ணில் படாமல் போகிறார்கள்.

கோட் என்பதன் மூலம் லத்தீன் 'கோடெக்ஸ்'. மரக்கட்டை என்ற பொருளில் தொடங்கி, மெழுகு பூசிய மரப்பலகைகளைச் சேர்த்துக் கட்டிய ஏட்டைக் குறித்தது. பிறகு சட்டத் தொகுப்பு, அதன்பின் விதித்தொகுப்பு. ரகசியச் செய்தியில் கோட் என்றால் ஒரு முழுச் சொல்லுக்கோ தொடருக்கோ வேறொரு சொல்லை அல்லது எண்ணை வைப்பது. 'கப்பல்' என்பதற்கு எந்த எண் என்று பார்க்க ஒரு ஏடு இருந்தாக வேண்டும். சைஃபரோ சொல்லைப் பார்ப்பதில்லை, பொருளையும் பார்ப்பதில்லை. ஒவ்வோர் எழுத்தாக எடுத்து ஒரு விதிப்படி மாற்றுகிறது. அதற்கு ஏடு வேண்டாம், விதியும், அந்த விதியை இம்முறை எப்படி அமைப்பது என்று சொல்லும் திறவுகோலும் போதும்.

கோட் என்ற கருத்து நம் இலக்கணத்துக்குப் புதிதல்ல. நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக்குகிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் குழூஉக்குறிக்கு உரைகள் தரும் எடுத்துக்காட்டுகள். ஒரு கூட்டம் தனக்குள் பேசி வைத்துக்கொண்ட சொல். எழுத்தை ஆராய்ந்து அதன் பொருளைக் கண்டுபிடிக்க வழியில்லை. எங்கே, எப்போது, எதற்குச் சொல்கிறார்கள் என்று கவனித்துத்தான் ஊகிக்க முடியும்.

1942 மே மாதம் ஹவாயில் நடந்தது அதுதான். ஜப்பானியக் கடற்படைச் செய்திகளில் தாக்கப்போகும் இடம் 'ஏ.எஃப்.' என்று வந்தது. பேர்ல் துறைமுகத்தில் அந்தச் செய்திகளை ஆராய்ந்த, அமெரிக்கக் கடற்படையின் ஜோசஃப் ரோச்ஃபோர்ட்டின் குழு அது மிட்வே தீவு என்று நம்பியது. வாஷிங்டனில் எல்லோரும் ஒப்பவில்லை. ஜாஸ்பர் ஹோம்ஸ் ஒரு வழி சொன்னார். கடலடிக் கம்பி வழியாக மிட்வேக்கு உத்தரவு போனது: குடிநீர் வடிக்கும் இயந்திரம் பழுது என்று வெளிப்படையாக வானொலியில் அனுப்புங்கள். சீக்கிரமே ஜப்பானியச் செய்தி ஒன்று, 'ஏ.எஃப்.'இல் தண்ணீர்த் தட்டுப்பாடு என்றது. ஜூன் மாதச் சண்டையில் ஜப்பான் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. ரோச்ஃபோர்ட்டை அந்த ஆண்டே அக்டோபரில் அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிற்பாடு மிதக்கும் பழுதுத்துறை ஒன்றின் பொறுப்பு கிடைத்தது. அவர் 1976-இல் இறந்தார். பதக்கம் வந்தது 1985-இல். படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிற இடம் இது.

சைஃபருக்கு வருவோம். ஜெர்மனியும் இத்தாலியும் பயன்படுத்திய எனிக்மா ஒரு சைஃபர் இயந்திரம். விசையைத் தட்டினால், உள்ளே சுழலும் சக்கரங்களின் கம்பிகள் வழியாக மின்சாரம் போய், வேறோர் எழுத்து விளக்காக எரியும். அதன் அமைப்பினால், எந்த எழுத்தைத் தட்டினாலும் அதே எழுத்து வெளிவராது. 1932 இறுதியில் அதன் உட்கம்பி அமைப்பைக் கணிதத்தால் கண்டறிந்தவர் போலந்தின் மரியன் ரெஜெவ்ஸ்கி; பிரிட்டனின் கதையாகவே சொல்லப்படும் வெற்றிக்கு அடித்தளம் அது. ரகசியச் செய்திகளை அவிழ்க்கும் பிரிட்டிஷ் மையமான பிளெட்ச்லி பார்க்கில் டில்லி நாக்ஸின் குழுவில் மேவிஸ் லீவர் என்ற இளம்பெண் இருந்தார். ஒருநாள் ஒரு நீண்ட இத்தாலியச் செய்தியில் 'எல்' என்ற எழுத்து ஒருமுறைகூட இல்லை என்று கவனித்தார். தட்டிய எழுத்தே வெளியே வராது என்றால், அனுப்பியவர் தட்டியது முழுக்க 'எல்' மட்டுமே. ஏதோ ஒப்புக்கு ஒரு செய்தி அனுப்பச் சொன்னதற்கு, அவர் ஒரே விசையை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். இல்லாத ஓர் எழுத்திலிருந்து புதிய சக்கரம் ஒன்றின் கம்பி அமைப்பு வெளிப்பட்டது. 1941 மார்ச் மாட்டபான் கடற்போருக்கு முன் இத்தாலியக் கப்பல்கள் புறப்படும் நாளைத் தெரிவித்த செய்தியை வெளிக்கொண்டு வந்ததும் அவர்தான். அப்போது அவருக்கு வயது 19.

கோட், சைஃபர் இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் புரியவே புரியாத ஒரு நிகழ்ச்சி உண்டு. 1942 பிப்ரவரியில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் நான்கு சக்கர எனிக்மாவுக்கு மாறின. பிளெட்ச்லியில் அதற்கு 'ஷார்க்' என்று பெயர். ஏறத்தாழ பத்து மாதங்கள் அந்தச் செய்திகள் திறக்கவில்லை. அட்லாண்டிக்கில் கப்பல்கள் மூழ்கிக்கொண்டே இருந்தன. அக்டோபர் 30 இரவு, கிழக்கு மத்தியதரைக் கடலில் ஹெச்.எம்.எஸ். பெட்டார்ட் உள்ளிட்ட கப்பல்கள் யு-559 என்ற நீர்மூழ்கியை மேலே வரவைத்தன. அதன் மாலுமிகள் கைவிட்டு வெளியேறினார்கள். பெட்டார்டின் அதிகாரி டோனி ஃபாஸனும் மாலுமி காலின் கிரேஸியரும் நீந்திப் போய், நீர் ஏறிக்கொண்டிருந்த அந்தக் கப்பலுக்குள் இறங்கினார்கள். கேன்டீனில் வேலை பார்த்த டாமி பிரௌனும் போனார். வயதைக் கூட்டிச் சொல்லி வேலைக்குச் சேர்ந்த பையன், அப்போது வயது 16. உள்ளிருந்து அவர்கள் எடுத்துக் கொடுக்க, அவர் மேலே கொண்டுவந்தார். திடீரென நீர்மூழ்கி மூழ்கியது. பிரௌன் பிழைத்தார். மற்ற இருவரும் வரவில்லை.

அவர்கள் காப்பாற்றியது எனிக்மா இயந்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அவை ஏடுகள்; தண்ணீர் பட்டால் கரையும் மையில் அச்சிட்ட சங்கேத ஏடுகள். முக்கியமானது வானிலைக்கான சுருக்க ஏடு. நீர்மூழ்கிகள் காற்றழுத்தம், வெப்பநிலை போன்றவற்றை அந்த ஏட்டின்படி ஓரிரு எழுத்துகளாகச் சுருக்கி, அதன்பின் எனிக்மாவில் போட்டு அனுப்பின. அதாவது முதலில் கோட், அதன்மேல் சைஃபர். அதே வானிலைத் தகவலை ஜெர்மன் கரை நிலையங்கள் பிளெட்ச்லி ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த வேறொரு முறையில் மறுபடி ஒலிபரப்பின. எனவே தகவல் தெரியும். ஏடு கிடைத்ததும், எனிக்மாவுக்குள் எந்த எழுத்துகள் போயிருக்கும் என்பதும் தெரிந்தது. இந்தச் சுருக்கச் செய்திகளுக்கு நான்காவது சக்கரத்தைச் செயலற்ற நிலையில் வைத்திருந்ததால், மூன்று சக்கர எனிக்மாவை அவிழ்க்கப் பிளெட்ச்லியில் ஏற்கெனவே இருந்த கருவிகளே போதுமாயின. டிசம்பர் 13-ஆம் தேதி ஷார்க் திறந்தது.

ஃபாஸனுக்கும் கிரேஸியருக்கும் இறந்தபின் ஜார்ஜ் கிராஸ், பிரௌனுக்கு ஜார்ஜ் மெடல். எதற்காக என்பது வெளியே சொல்லப்படவில்லை. பிரௌன் 1945-இல் வீட்டில் தீப்பிடித்தபோது தங்கையைக் காப்பாற்றப் போய் இறந்தார். தான் தூக்கிக்கொண்டு வந்த ஏடுகள் என்ன செய்தன என்று அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பிளெட்ச்லியின் வேலை பொதுமக்களுக்குப் பரவலாகத் தெரியவந்ததே 1974-இல்தான்.

ஜப்பானியக் கடற்படையின் முக்கிய முறையான ஜே.என்.-25-உம் இப்படி இரண்டடுக்கு. ஏட்டில் ஏறத்தாழ 30,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் ஐந்திலக்க எண்கள். அவற்றின்மேல் இன்னோர் ஏட்டிலிருந்து எடுத்த எண்களைக் கூட்டி அனுப்புவார்கள். சரியான எண்ணைக் கழித்துவிட்டோமா என்று அறிய ஒரு வழி இருந்தது: அனுப்பும் பிழையைக் கண்டுபிடிப்பதற்காக ஜப்பானியர்கள் எல்லாக் குறியெண்களையும் மூன்றால் வகுபடும்படி அமைத்திருந்தார்கள். வாஷிங்டனில் கல்லூரி முடித்த கையோடு வந்த பெண்கள் நாள் முழுக்க இந்தக் கழித்தலைச் செய்தார்கள். என்ன வேலை என்று யாராவது கேட்டால், பென்சில் சீவுகிறோம், குப்பைக்கூடை கொட்டுகிறோம் என்று சொல்லப் பழகினார்கள். இவர்களுக்கு முன்னால், இந்த முறை 1939-இல் வந்தபோதே அதற்குள் நுழைந்தவர்களில் ஒருவர் அமெரிக்கக் கடற்படையின் ஆக்னஸ் மேயர் டிரிஸ்கால். சிங்கப்பூரிலிருந்து 1942 தொடக்கத்தில் கொழும்புக்கு இடம்பெயர்ந்த பிரிட்டிஷ் குழுவும் இதே முறையோடுதான் மல்லுக்கு நின்றது. இலங்கை மீது தாக்குதல் வரப்போகிறது என்று முன்கூட்டியே எச்சரித்தது. ஏப்ரல் 1 வாக்கில் எதிர்பார்த்தார்கள். வந்தது 5-ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'குறியாக்கம்' இப்போது யூனிகோட் போன்ற எழுத்துரு விஷயத்துக்கும் புழங்குகிறது. அதை விட்டுவிடுவது நல்லது. 'மறைமொழி' அழகான சொல், ஆனால் தொல்காப்பியம் அதை மந்திரத்துக்கு ஆண்டுவிட்டது: 'நிறைமொழி மாந்தர் ஆணையின் கிளந்த மறைமொழி'. என் பரிந்துரை: கோட் என்பதற்குச் 'சங்கேதம்', அந்தப் புத்தகத்துக்குச் 'சங்கேத ஏடு'. பத்திரிகைத் தமிழில் ஏற்கெனவே வேரூன்றிய சொல். 'ஏ.எஃப்.' போன்ற தனிச் சொல்லைக் குழூஉக்குறி என்றே சொல்லலாம். சைஃபர் என்பதற்கு 'மறையெழுத்து'. எழுத்து எழுத்தாக வேலை செய்கிறது என்பது பெயரிலேயே இருக்கிறது.

'உடைத்தல்' என்ற வினை எனக்கு உடன்பாடில்லை. நாம் விடுகதையை விடுவிக்கிறோம், முடிச்சை அவிழ்க்கிறோம். திறவுகோல் கையில் உள்ளவர் செய்வது 'பிரித்துப் படித்தல்'; திறவுகோல் இல்லாதவர் செய்வது 'விடுவித்தல்'. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத்தான் அமெரிக்காவில் இந்த வேலை செய்த வில்லியம் ஃப்ரீட்மன் 1920-களின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் 'கிரிப்டனாலிசிஸ்' என்ற புதுச்சொல்லைக் கொண்டுவந்தார். அந்த வேலை செய்பவர் 'மறை விடுவிப்பாளர்'. இனி பெட்டார்ட் நிகழ்ச்சியை எழுத நேர்ந்தால் இப்படி எழுதலாம்: ஃபாஸனும் கிரேஸியரும் பிரௌனும் மீட்டவை சங்கேத ஏடுகள், அவற்றைக் கொண்டு பிளெட்ச்லியில் விடுவித்தது ஷார்க் மறையெழுத்தை.