வரிச்சலுகைக்கு முன்னால் மண்ணைப் பாருங்கள்

படைத்தளம் ஒன்று காலியானால் ஓடுபாதை, துறைமுகம், கிடங்கு, மின்நிலையம் எல்லாம் கட்டி முடித்த நிலையில் கைக்கு வரும். பிலிப்பைன்ஸ் அந்த வாய்ப்பை விடவில்லை. 1992இல் வந்த குடியரசுச் சட்டம் 7227, அங்கே அமெரிக்கா வைத்திருந்த சூபிக் கடற்படைத் தளத்தைச் சிறப்புப் பொருளாதார மண்டலமாக்கியது. வழக்கமான வரிகளுக்குப் பதிலாக மொத்த வருமானத்தில் 5 சதவீதம் கட்டினால் போதும் என்றது. அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கிளார்க் விமானத் தளமும் மண்டலமானது. 1995இல் கூரியர் நிறுவனமான பெடெக்ஸ் தன் ஆசிய மையத்தையே சூபிக்கில் வைத்தது. (2009இல் சீனாவின் குவாங்சூவுக்குக் கிளம்பிப்போனது வேறு கதை.)

சரி, இந்த வரிச்சலுகைப் பேச்சில் வராத ஒன்று உண்டு. மண்ணிலும் நிலத்தடி நீரிலும் மாசு தேடுவது என் தொழில் என்பதால் எனக்கு அதுதான் முதலில் கண்ணில் படுகிறது.

1991 ஜூனில் பினாதுபோ எரிமலை வெடித்து வீடிழந்த குடும்பங்கள் பலவற்றை, அமெரிக்கர்கள் விட்டுப்போன கிளார்க் தளத்துக்குள்ளேயே தங்கவைத்தார்கள். அந்த இடம் முன்பு ராணுவ வண்டிகளைப் பழுதுபார்த்த பகுதி. அங்கே தோண்டிய கிணற்று நீரைத்தான் குடித்தார்கள், சமைத்தார்கள். தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறது, நாறுகிறது என்ற புகாரும் நோய்களும் பிறகு வந்தன. இத்தனைக்கும் இரு தளங்களிலும் மாசு இருப்பதை அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பே 1992 ஜனவரியில் எழுதிவைத்திருந்தது. ஆனால் தளத்தைப் பழைய நிலையில் திருப்பித் தரும் கடமை அமெரிக்காவுக்கு இல்லை என்று 1947 ஒப்பந்தத்திலேயே இருந்தது. கிளார்க், சூபிக் மாசை ஆய்வு செய்யச் சொல்லி அமெரிக்காவில் போட்ட வழக்கும், அந்நாட்டுத் தூய்மைச் சட்டம் எல்லை தாண்டாது என்று 2005இல் மேல்முறையீட்டிலும் தோற்றது.

இப்படிப்பட்ட நிலத்தை வாங்கவோ குத்தகைக்கு எடுக்கவோ வருகிறவர்கள் கட்டட வரைபடம் கேட்பார்கள். நிலத்தடி எரிபொருள் குழாய் எங்கே ஓடுகிறது என்று கேட்பவர் குறைவு. கேட்டாலும் பாதி நேரம் அந்த வரைபடம் இருக்காது. அங்கே வேலை பார்த்த பழைய மெக்கானிக் ஒருவரைப் பிடித்து, கழிவு எண்ணெயை எங்கே கொட்டுவீர்கள் என்று கேட்டால், நாலு கோப்பு சொல்லாததைக் கை காட்டிவிடுவார்.

துளையிட்டு எடுத்த மண்ணை நீளவாக்கில் பிளந்து வைத்தால் மேலே நல்ல செம்மண் தெரியும். கொஞ்சம் கீழே போனால் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை, குப்பென்று எரிபொருள் வாசனை. இது பிடிபடும் ரகம். விமான உறுப்புகளின் பிசுக்கைக் கழுவிய டிரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்கள் அப்படியில்லை. எரிபொருள் நீர்மட்டத்தின் மேல் மிதக்கும். இந்தக் கரைப்பான்கள் நீரைவிடக் கனமானவை, ஆழத்துக்கு இறங்கிவிடும். மேலாக நாலு மாதிரி எடுத்துச் சுத்தம் என்று வரும் அறிக்கையை நான் நம்புவதில்லை.

சிமெண்ட் தளம் போட்டு மூடிவிட்டால் போதாதா என்பார்கள். போதாது. கரைப்பானின் ஆவி விரிசல் வழியே கட்டடத்துக்குள் ஏறும். தொழிற்சாலைக்காக ஆழமாக அடிக்கும் அஸ்திவாரத் தூண், மாசைத் தடுத்துநிறுத்தியிருக்கும் களிமண் அடுக்கைத் துளைத்துக் கீழே குடிநீர் வரை வழிவிடவும் கூடும். இத்துடன் தீயணைப்புப் பயிற்சித் திடலில் பீய்ச்சிய நுரை, பழைய டிரான்ஸ்பார்மர் எண்ணெய், கப்பல் பழுதுபட்டறையின் ஆஸ்பெஸ்டாஸ் என்று பட்டியல் நீளும்.

ஆகவே கையெழுத்துக்கு முன்பே மண், நீர் இரண்டின் அப்போதைய நிலையை அளந்து, அந்த அறிக்கையைக் குத்தகைப் பத்திரத்தோடு இணையுங்கள். பழைய மாசைச் சுத்தம் செய்யும் செலவு யாருடையது என்று பெயர் போட்டு எழுதச் சொல்லுங்கள். இது இல்லாவிட்டால், குத்தகை முடிந்து நிலத்தைத் திருப்பித் தரும் நாளில் படைக்காரர்கள் கொட்டிய எண்ணெயும் உங்கள் கணக்கில்தான் வரும். இல்லை என்று நிரூபிக்க உங்களிடம் தாள் இருக்காது.