பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்று பள்ளி நீட்டும் கடிதம்

ஏப்ரல் வந்தால் பல பெற்றோருக்குத் தனியார் பள்ளியிலிருந்து அழைப்பு வரும். "உங்க பையனுக்கு வாசிக்கவே வரல. இன்னொரு வருஷம் மூணாம் வகுப்புலயே இருக்கட்டும். இல்லேன்னா டி.சி. வாங்கிக்குங்க" என்பார்கள். மேசையில் ஒரு வெள்ளைத்தாள் இருக்கும். பெற்றோர் குற்றவாளி போல நின்று, சொல்லச் சொல்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். அப்படி எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்கள் பலரைப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் சுருக்கமாக இதுதான். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது. 1 முதல் 8 வரையுள்ள வகுப்புகளை அது தொடக்கக் கல்வி என்கிறது. ஒவ்வொரு குழந்தைக்கும் எவ்வளவு வருகிறது என்று கணித்து, வராத குழந்தைக்குக் கூடுதலாகச் சொல்லிக் கொடுப்பது ஆசிரியரின் கடமை என்று 24ஆம் பிரிவு சொல்கிறது. பெற்றோரை அடிக்கடி அழைத்து வருகையையும் முன்னேற்றத்தையும் தெரிவிப்பதும் அதே பிரிவில் உள்ள கடமை. அப்படியென்றால், வாசிக்க வரவில்லை என்பதை ஏப்ரலில் முதல்முறையாகச் சொல்கிற பள்ளி தன் கடமையில் ஏற்கெனவே தவறியிருக்கிறது. தலைகுனிய வேண்டியது நீங்கள் அல்ல.

இப்போது அந்த வெள்ளைத்தாளுக்கு வருவோம். அதில் பெரும்பாலும் இப்படித்தான் எழுதச் சொல்வார்கள்: "என் மகன் படிப்பில் பின்தங்கியுள்ளதால், என் சொந்த விருப்பத்தின் பேரில் அதே வகுப்பில் தொடர்ந்து படிக்க அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." தானாக நிறுத்தினால் சட்டமீறல் என்று பள்ளிக்கு நன்றாகவே தெரியும். அதனால் வேண்டுகோளை உங்கள் பெயரில் வாங்கி வைத்துக்கொள்கிறது. நாளைக்கு அதிகாரி கேட்டால் முதலில் எடுத்துக் காட்டுவது அந்தத் தாளைத்தான். அதே வகுப்பில் நிறுத்தி வைப்பதைத் தடுக்கும் 16ஆம் பிரிவில், பெற்றோர் சம்மதித்தால் நிறுத்தலாம் என்று ஒரு வரிகூட இல்லை. ஆனாலும் உங்கள் கையெழுத்து அங்கே இருந்தால், பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

ஆகவே எழுதிக் கொடுக்காதீர்கள். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். பள்ளியின் முடிவு அதுதான் என்றால், பள்ளியின் முத்திரையோடு எழுத்தில் தரச் சொல்லுங்கள். தருகிற பள்ளியை நான் இன்னும் பார்க்கவில்லை. ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? பரவாயில்லை. "இந்தத் தேதியில் நான் தந்த கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன், என் குழந்தையை அடுத்த வகுப்புக்கு அனுப்ப வேண்டும்" என்று இரண்டு வரி எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

"சட்டம் மாறிடுச்சே, இப்ப ஃபெயில் போடலாமே" என்று அடுத்து ஒரு பதில் வரும். பாதி உண்மையை வைத்துப் பெற்றோரை மிரட்டுவது இது. 2019இல் சட்டம் திருத்தப்பட்டது உண்மை. அந்தத் திருத்தம் தொட்டது 5ஆம் வகுப்பையும் 8ஆம் வகுப்பையும் மட்டும்தான். அதிலும் தேறாத குழந்தைக்குக் கூடுதல் பயிற்சி தந்து, இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு வைத்து, அப்புறமும் தேறாவிட்டால்தான் நிறுத்துவது பற்றிப் பேச்சு. அதற்கும் உரிய அரசு அனுமதித்திருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு அனுமதிக்கவில்லை. 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019இல் அறிவித்ததைக்கூட 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றுவிட்டது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு விதியை மாற்றியபோதும், இங்கே 8ஆம் வகுப்பு வரை கட்டாயத் தேர்ச்சி தொடரும் என்றே மாநில அரசு சொன்னது.

"நாங்க சி.பி.எஸ்.இ., ஸ்டேட் ரூல் எங்களுக்குப் பொருந்தாது" என்பார்கள். ஒன்றிய அரசு நேரடியாக நடத்தும் கேந்திரிய வித்யாலயா போன்ற பள்ளிகளுக்குத்தான் ஒன்றிய அரசு 'உரிய அரசு'. தமிழ்நாட்டில் உள்ள தனியார் பள்ளிக்கு, பாடத்திட்டம் எதுவாக இருந்தாலும், இந்தச் சட்டத்தின்படி உரிய அரசு மாநில அரசுதான். 1, 2, 3, 4 வகுப்புகளில் நிறுத்துவதற்குக் கேந்திரிய வித்யாலயாவுக்கும் அதிகாரம் இல்லை.

இரண்டு விலக்குகள் உண்டு. எல்.கே.ஜி., யு.கே.ஜி. இதற்குள் வராது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் பெயரையும் கட்டடத்தையும் பார்த்து நீங்களே சிறுபான்மைப் பள்ளி என்று முடிவு கட்டாதீர்கள். அந்தத் தகுதிக்கு அரசு ஆணையோ உரிய ஆணையத்தின் சான்றிதழோ இருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள்.

அரசுப் பள்ளியில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே நிறுத்த மாட்டார்கள். வாசிக்க வராமலேயே ஐந்தாம் வகுப்பு வரை ஏற்றிவிடுவார்கள், யாரும் உங்களிடம் எதுவும் சொல்ல மாட்டார்கள். இதுவும் அநீதிதான். கட்டாயத் தேர்ச்சி என்பது பள்ளி கற்றுத் தந்தே ஆக வேண்டும் என்பதற்காக வந்தது. அதையே கற்றுத் தராமல் இருப்பதற்குச் சாக்காக்கியிருக்கிறார்கள்.

இதைச் சரிசெய்யத்தான் 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் பிழையில்லாமல் எழுதவும் படிக்கவும், அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும், அதை 2025க்குள் எட்ட வேண்டும் என்பது அப்போது வைத்த இலக்கு. முதலில் 1 முதல் 3 வரை, அடுத்த ஆண்டு 4, 5 வகுப்புகளுக்கும் விரிந்தது. முதல் மூன்று வகுப்புகளில் குழந்தைக்கு வருவதைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிப்பார்கள். நிலைக்கேற்ற பயிற்சி நூல் உண்டு. மதிப்பீட்டை ஆசிரியர் செயலியில் பதிவார்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "தமிழில் என் பிள்ளை இப்போது எந்த நிலையில் இருக்கிறாள், போன பருவத்தில் எந்த நிலையில் இருந்தாள்?" "நல்லாத்தான் படிக்குறா" என்ற பதிலோடு திரும்பாதீர்கள். மூன்றாம் வகுப்பில் இருப்பவள் இன்னும் அரும்பில் இருந்தால், முதல் வகுப்புப் பாடத்திலேயே நிற்கிறாள் என்று பொருள். மதிப்பெண்ணை நம்பி உட்காராதீர்கள். செயலியில் எல்லாம் பச்சையாகத் தெரிகிற வகுப்பில்கூட வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். வீட்டிலேயே சோதித்துவிடலாம். போன வருடப் பாடநூலில் அவள் மனப்பாடம் செய்திராத ஒரு பத்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பாட்டைக் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் பாட்டை வாசிக்காமலே ஒப்பித்துவிடுவார்கள். எழுத்துக் கூட்டி நின்றால், படித்ததைத் தன் வார்த்தையில் சொல்லத் தெரியாவிட்டால், மதிப்பெண் 80 என்று இருந்தாலும் உதவி தேவைதான்.

தெரிந்த பிறகு தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுங்கள். வாய்ச்சொல்லாகக் கேட்டது அன்றோடு போய்விடும். குழந்தையின் பெயர், வகுப்பு, எமிஸ் எண் (கல்வித் துறையின் இணையப் பதிவில் குழந்தைக்குள்ள எண்), எதை வாசிக்க முடியவில்லை என்ற விவரம், "கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 24(1)இன்படி கூடுதல் பயிற்சி அளித்து, மாதம் ஒருமுறை முன்னேற்றத்தைத் தெரிவிக்கவும்" என்ற வரி. இவ்வளவு போதும். நகலில் தேதியோடு கையொப்பம் வாங்குங்கள். ஆசிரியர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்குகிறவர்கள் அதிகம். ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் நடத்தும் பள்ளிகள் கிராமங்களில் ஏராளம். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்று சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. உங்கள் கடிதம், பள்ளிகளுக்குப் பயிற்சியும் உதவியும் தரும் வட்டார வளமையத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநர் வந்து உதவ வேண்டும் என்று கேட்பதற்கு அந்த ஆசிரியருக்கே கையில் ஓர் ஆதாரம். அப்படிச் சொல்லியே கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் எழுப்பலாம். ஆனால் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட்டதா என்று படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். பாதி எழுதிய பக்கத்தில் உறுப்பினர்களிடம் கையெழுத்து வாங்குகிற பழக்கம் இன்னும் போகவில்லை.

"ட்யூஷன் வைங்க" என்று ஆசிரியரே சொன்னால் கவனம். தன்னிடமே வரச் சொன்னால், அது 28ஆம் பிரிவின்படி தடை செய்யப்பட்டது. ஆசிரியர் யாரும் தனிப்பயிற்சி எடுக்கக் கூடாது. பிள்ளையை வகுப்பில் 'மக்கு' என்று திட்டுவதும் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைப்பதும் 17ஆம் பிரிவில் வரும் மனத் துன்புறுத்தல். அதற்கு 1098ஐ அழைக்கலாம்.

கற்றல் குறைபாடு இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், "சர்டிஃபிகேட் கொண்டு வாங்க, அப்புறம் பார்ப்போம்" என்று அனுப்பிவிடுவார்கள். மருத்துவமனைக்குப் போனால் எட்டு வயது ஆகட்டும் என்பார்கள். இரண்டு வருடம் இப்படியே ஓடிவிடும். சான்றிதழ் தேவைப்படுவது தேர்வுச் சலுகைக்கும் உதவித்தொகைக்கும்தான். கூடுதலாகச் சொல்லிக் கொடுப்பதற்கு எந்தச் சான்றும் வேண்டாம். வட்டார வளமையத்தில் இருக்கும் சிறப்புப் பயிற்றுநர் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று இப்போதே எழுதிக் கேளுங்கள்.

வேறு பள்ளிக்கு மாற்றத் தீர்மானித்தால் டி.சி.யில் பிடிப்பார்கள். கட்டண பாக்கிக்காக டி.சி.யை நிறுத்தி வைக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ சேர்க்க, டி.சி. தாமதம் ஒரு காரணமாக இருக்கக் கூடாது என்று சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் நடப்பில் மாட்டிக்கொள்வது எமிஸில். பழைய பள்ளி குழந்தையின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்காமல் வைத்திருக்கும். புதிய பள்ளி "எமிஸ்ல ஏறல" என்று உங்களைத் திருப்பி அனுப்பும். அது இரண்டு அலுவலகங்களுக்கு இடையே உள்ள வேலை, உங்களுடையது அல்ல. குழந்தையை வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, எமிஸ் மாற்றத்தை முடித்துத் தருமாறு வட்டாரக் கல்வி அலுவலருக்கு மனு கொடுங்கள். புதிய பள்ளி பிள்ளைக்குத் தேர்வு வைத்து "மூணாம் வகுப்புல போடுறேன்" என்றால், அதுவும் கூடாது. பள்ளியிலேயே சேராத, இடையில் நின்ற குழந்தையைக்கூட வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்பது 4ஆம் பிரிவு. சேர்க்கைக்குத் தேர்வு வைத்தால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம்.

புகார் கொடுக்க எங்கே போவது? அரசுத் தொடக்கப் பள்ளி என்றால் முதலில் வட்டாரக் கல்வி அலுவலர், அப்புறம் மாவட்டக் கல்வி அலுவலர் (தொடக்கக் கல்வி). தனியார் பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்). மாற்றிக் கொடுத்தால் "இது எங்க லிமிட் இல்ல" என்று ஒரு மாதம் கழித்துச் சொல்வார்கள். இரண்டு நிலையிலும் நகலை முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்பிவிடுங்கள்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்ப்பு நாளில் மனு கொடுத்தால் வேகமாக நடக்கும் என்று நம்புகிறார்கள். அந்த மனு ஆட்சியரிடமிருந்து கல்வித் துறை வழியாகக் கீழே இறங்கி, கடைசியில் நீங்கள் யார் மீது புகார் சொன்னீர்களோ அவர் மேசைக்கே வரும். "விசாரிக்கப்பட்டது, மாணவர் நன்றாகப் படிக்கிறார்" என்று ஒரு வரி மேலே போகும். மனு முடிந்தது என்று உங்கள் போனுக்குக் குறுஞ்செய்தி வரும். இதைத் தடுக்க மனுவின் தலைப்பிலேயே "கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 32இன் கீழ் புகார்" என்று எழுதுங்கள். அந்தப் பிரிவின்படி இரு தரப்பையும் கேட்டு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் தமிழ்நாடு குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தில் புகார் செய்யலாம், சொன்னது சரியில்லை என்றால் அங்கேயே மேல்முறையீடு செய்யலாம். 14417 உதவி எண்ணில் வழிகாட்டல் கிடைக்கும், ஆனால் போன் புகாரை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

இந்த மூன்று மாதமும் பிள்ளையை ஒரு நாள்கூட வீட்டில் நிறுத்தாதீர்கள். பள்ளி மீதுள்ள கோபத்தில் நான்கு நாள் அனுப்பாமல் இருந்தால், "மாணவர் ஒழுங்காக வருவதில்லை" என்பதுதான் விசாரணையில் அவர்கள் சொல்லும் முதல் பதிலாக இருக்கும்.