அந்த ‘ங்யாவ்’ எங்கிருந்து வருகிறது?

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். வேலை முடிந்து வீடு திரும்பும் பேருந்தில் புதிது புதிதாக ஹவுஸ், டெக்னோ என்ற மின்னணு நடன இசை கேட்பாராம். “நிறைய டிராக்குகளில் ஒரே மாதிரி ஒரு சத்தம் வருகிறது. பூனை வாயைத் திறந்து மூடுவது போல ‘ங்யாவ், ங்யாவ்’ என்று. அது என்ன வாத்தியம்? ஏன் போகப் போக அதற்குக் கோபம் ஏறுவது மாதிரி இருக்கிறது?”

முதல் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். ரோலண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம் 1981-ல் வெளியிட்ட டிபி-303 தான் அந்தச் சத்தத்தின் பூர்வீகம். மடியில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு வெள்ளி நிறப் பெட்டி. வடிவமைத்தவர் தடாவோ கிகுமோட்டோ. தனியாக கிட்டார் பழகுபவருக்குத் துணையாக இது பேஸ் என்ற அடித்தள ஸ்வரங்களை வாசிக்கும் என்று சொல்லி விற்றார்கள். ஆனால் பேஸ் கிட்டார் மாதிரி அது ஒலிக்கவே இல்லை, ஸ்வரங்களைப் பதிவதும் பெரும்பாடு. 1984-ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் சிகாகோவில் ஃபியூச்சர் என்ற குழுவின் இளைஞர்கள் பழையது ஒன்றை மலிவாக வாங்கி, இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் குமிழ்களைத் திருகிப் பார்த்தார்கள். 1987-ல் வந்த ‘ஆசிட் டிராக்ஸ்’ அப்படிப் பிறந்தது. ஆசிட் ஹவுஸ் என்ற இசைவகையின் பெயரும் அதையொட்டித்தான் பரவியது.

அதற்கு 5 வருடம் முன்பே, 1982-ல், மும்பையில் இந்திப் படங்களுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங் இதே கருவியை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்திருந்தார். அப்போது அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ராகத்துக்கு இந்தப் பெட்டி எப்படி ஒத்துவந்தது என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? ஓர் அலையியற்றி ரம்பப்பல் வடிவ அலையை உண்டாக்குகிறது. அந்த அலையில் அடிப்படை அதிர்வெண்ணின் எல்லா மடங்குகளும் கலந்திருக்கும். 55 ஹெர்ட்ஸ் ஸ்வரம் என்றால் 110, 165, 220 என்று மேலே போய்க்கொண்டே இருக்கும். இவற்றை மேற்சுரங்கள் என்பார்கள். அடுத்து ஒரு வடிகட்டி. ஓர் எல்லைக்கு மேலே இருப்பதை அது மட்டுப்படுத்தும். ‘ரெசொனன்ஸ்’ குமிழைக் கூட்டினால், எல்லையில் நிற்கும் மேற்சுரத்தை மட்டும் தூக்கிக் காட்டும். ஒவ்வொரு ஸ்வரம் தொடங்கும்போதும் இந்த எல்லை மேலே தாவிவிட்டுக் கீழே சரிகிறது. சரிகிற வழியில் மேற்சுரங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டி மறைகின்றன. அதைத்தான் நம் காது ‘ங்யாவ்’ என்று கேட்கிறது.

மோர்சிங் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அதன் உலோக நாக்குக்கு ஒரே சுருதிதான். வாசிப்பவர் வாய்க்குள் இருக்கும் இடத்தைக் கூட்டியும் குறைத்தும் வேறு வேறு மேற்சுரத்தைத் தூக்கிக் காட்டுகிறார். நீங்களே சுருதி மாறாமல் ‘ஊ’ என்று இழுத்து, அப்படியே ‘ஈ’க்கு வந்து பாருங்கள். உங்கள் வாய்தான் வடிகட்டி.

இனி அந்த இரண்டாவது கேள்வி, கோபம் ஏறுவது. உண்மையில் இதைச் சொல்வதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

303-ல் ஒரு சுற்றுக்கு 16 கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு ஸ்வரம். எந்த ஸ்வரத்துக்கும் ‘ஆக்சென்ட்’ என்ற அழுத்தம் கொடுக்கலாம். அழுத்தம் விழுந்தால் ஸ்வரம் சத்தமாகிறது, வடிகட்டியின் எல்லையும் வேகமாகச் சரிகிறது. இந்த இரண்டும் எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். மூன்றாவதாக, வடிகட்டியின் எல்லையை உயர்த்த இன்னொரு மின்னழுத்தம் போகிறது. அது நேராகப் போகாமல் வழியில் மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு சின்ன மின்தேக்கியை நிரப்பிவிட்டுப் போகிறது.

அடியில் பொட்டு ஓட்டை விழுந்த குடத்தை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினால் மட்டம் ஏறி, மெல்ல வடியும். வடிந்து முடிவதற்குள் இன்னொரு சொம்பு ஊற்றினால் மட்டம் முன்பைவிட மேலே போகும். மூன்றாவது சொம்புக்கு இன்னும் மேலே. நிமிடத்துக்கு 125 தாள அடி வேகத்தில் ஓடும் டிராக்கில், ஓர் அடிக்கு நான்கு கட்டம் என்பதால், ஒரு கட்டத்துக்குக் கிடைப்பது 120 மில்லி விநாடி. மின்தேக்கி முழுக்க வடிய அது போதாது. எனவே அடுத்தடுத்து மூன்று அழுத்தங்கள் வைத்தால், மூன்றாவது முறை வடிகட்டி முதல் முறையைவிட நன்றாக வாய் திறக்கிறது.

என் மேசையில் இதன் நகல் கருவி ஒன்று இருக்கிறது. 16 கட்டத்திலும் ஒரே ஸ்வரத்தை வைத்து, மூன்றுக்கு மட்டும் வரிசையாக அழுத்தம் கொடுத்தேன். முதலாவது ‘டொவ்’. இரண்டாவது ‘டியாவ்’. மூன்றாவது, வாசகி சொன்ன அதே ‘ங்யீயாவ்’. நான் வைத்தது மூன்றும் ஒன்றுதான். முந்தைய அடி மிச்சம் விட்டுப்போனது அடுத்த அடியில் கேட்கிறது. முதல் தடவை இதைப் புரிந்துகொண்டு கேட்ட அன்று இரவு வெகுநேரம் கருவியை அணைக்க மனம் வரவில்லை.

பள்ளி ஆய்வகத்தில் இதே மின்தேக்கி வடிவதை வோல்ட்மீட்டர் முள்ளைப் பார்த்து அட்டவணை போட்டுவிட்டு, எதற்கென்றே தெரியாமல் வெளியே வந்தவன் நான். சில நூறு ரூபாய் உதிரி பாகங்களும் ஒரு ஸ்பீக்கரும் இருந்தால் அந்த வளைகோட்டைப் பிள்ளைகளின் காதுக்கே கொண்டுவந்துவிடலாம். அறிவியலுக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சமாவது இப்படிக் கையால் தொட்டு, காதால் கேட்கும் பாடத்துக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பழைய 303-க்கு ஏதோ ஆன்மா இருக்கிறது என்று நம்பி லட்சக்கணக்கில் கொடுத்து வாங்குகிறார்கள். அந்த ஆன்மாவில் பெரும்பங்கு இந்த மின்தேக்கியும் அதைச் சுற்றியுள்ள மின்தடைகளும்தான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்தப் பெட்டியின் மேல் மரியாதை கூடத்தான் செய்தது.

சரண்ஜித் சிங்கிடம் திரும்பிவிடுகிறேன். 303-ல் ‘ஸ்லைடு’ என்று ஒரு பொத்தான் உண்டு. அதை வைத்தால் ஒரு ஸ்வரம் அடுத்ததற்கு வழுக்கிச் செல்லும், நம் சங்கீதத்தில் ஜாரு என்போமே, அது போல. இதற்கும் பின்னால் ஒரு மின்தேக்கிதான். சுருதியைத் தீர்மானிக்கும் மின்னழுத்தம் அதை நிரப்பிக்கொண்டு ஏறுகிறது. ஆரம்பத்தில் வேகமாகவும், சேர வேண்டிய ஸ்வரத்தை நெருங்க நெருங்க மெதுவாகவும். பக்கத்து ஸ்வரத்துக்குப் போனாலும் மேல் ஸ்தாயிக்குத் தாவினாலும் எடுக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றேதான். விசைப்பலகையில் கட்டை கட்டையாக உடையும் ராகம் இங்கே குழைந்து வருவது இதனால்தான்.

வாசகிக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பேருந்தில் கேட்கும்போது, ‘ங்யாவ்’ அடுத்தடுத்து விழுந்து உச்சத்துக்குப் போகும் இடத்தைப் பிடியுங்கள். அதன் பிறகு இரண்டு மூன்று சாதாரண ஸ்வரங்கள் வரும். அவற்றைத் தாண்டி வரும் முதல் அழுத்தம் மறுபடி அடக்கமாக இருக்கும். குடம் அதற்குள் வடிந்திருக்கும்.