சேர்ந்த மூன்றாம் மாதத்திலேயே வேலையை விடலாமா?

கோவையில் பதினான்கு ஆண்டுகளாக மென்பொருள் நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கும் பணியில் இருக்கிறேன். சரவணம்பட்டி, கீரணத்தம், விளாங்குறிச்சிப் பக்கத்து ஐடி அலுவலகங்களில் நான் சேர்த்துவிட்ட பிள்ளைகளில் பலர் கோபி, பவானி, பல்லடம், பொள்ளாச்சி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வந்தவர்கள். வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்குபவர்களும் அவர்களில் உண்டு. சேர்ந்த ஆறாவது வாரத்திலோ பத்தாவது வாரத்திலோ அவர்களில் சிலரிடமிருந்து அழைப்பு வரும். "சார், இந்த வேலை எனக்கு ஒத்து வராதுன்னு தோணுதுங்க. இப்பவே விட்டுடலாமுங்களா?"

சென்ற ஆண்டு சோமனூரிலிருந்து ஓர் இளைஞர் தம் தந்தையுடன் என்னைப் பார்க்க வந்தார். வேலையில் சேர்ந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. கைப்பேசியைக் கவிழ்த்து மடியில் வைத்திருந்தார். அது அதிரும்போதெல்லாம் அவர் தோள் ஒருமுறை தூக்கிப் போட்டது. அவர் முதன்முதலாக எழுதிக் கொடுத்த நிரலுக்கு டீம் லீட் 23 திருத்தங்கள் எழுதியிருந்தார் என்பதையும், அன்று இரவு அவர் உறங்கவில்லை என்பதையும் தந்தை என் முன்னால்தான் முதலில் கேட்டறிந்தார். விசைத்தறி ஓட்டும் அந்தப் பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "புதுப் பாவு பிணைச்சு ஏத்துனா முடிச்செல்லாம் அச்சத் தாண்டுற வரைக்கும் நூலு அறுந்துட்டுத்தானுங்க இருக்கும். அதுக்குன்னு பாவையே எறக்கிப் போடுவாங்களா?" என்றார். பாவு என்பது தறியில் நெடுக்காக ஏற்றும் நூல்; அச்சு என்பது அந்த நூல்கள் நுழைந்து செல்லும் சீப்பு. அவர் சொன்னது சரிதான். ஆனால் முடிச்சு தாண்டிய பிறகும் அறுந்துகொண்டே இருந்தால் குறை நூலில்தான் என்பதையும் தறிக்காரர்தானே முதலில் அறிவார் என்று கேட்டேன். "அது வாஸ்தவந்தானுங்க" என்று ஒப்புக்கொண்டார்.

முடிவெடுக்குமுன் பார்க்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். நமக்கு வேலை புதிது என்பதால் வரும் துன்பம் ஒரு வகை. அந்த வேலையே, அல்லது அந்த இடமே, சொன்னபடி இல்லை என்பதால் வரும் துன்பம் வேறு வகை. உள்ளே இருப்பவருக்கு இரண்டும் ஒரே நெஞ்சழுத்தமாகத்தான் தெரியும். ஆகவே அந்த இளைஞரிடம் நான்கு வாரம் அவகாசம் கேட்டேன். ஒவ்வொரு நாளும் வீடு திரும்பியதும், அன்று தம்மை வருத்தியது எது என்பதை ஒரே வரியில் நோட்டில் எழுதி, அது தமக்குத் தெரியாததால் வந்ததா, பிறர் செய்ததால் வந்ததா என்று பக்கத்தில் குறித்துவரச் சொன்னேன். முதல் வாரம் முழுவதும் பழைய நிரல் புரியவில்லை, கூட்டத்தில் பேசப்படும் சுருக்கப்பெயர்கள் புரியவில்லை என்பவையே இருந்தன. நான்காம் வாரத்தில் அவற்றுள் பெரும்பாலானவை நோட்டில் இல்லை. இரவு பதினோரு மணிக்கு வரும் அழைப்புகள் மட்டும் அப்படியே இருந்தன. அதை மட்டும் எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் பேசினார். அழைப்புகள் முற்றிலும் நிற்காவிட்டாலும் குறைந்தன. அவர் இன்றும் அங்கேதான் இருக்கிறார்.

கோபிப் பக்கத்துப் பெண் ஒருவரின் நோட்டு இதற்கு நேர்மாறாக இருந்தது. ஜாவா நிரலாளர் என்று சொல்லி எடுத்தவரை, இரவு ஷிஃப்டில் வாடிக்கையாளர் புகார்களைப் பதிவுசெய்யும் பணியில் அமர்த்தியிருந்தார்கள். பத்தாம் வாரத்திலும் முதல் வாரத்து வரிகளே திரும்பத் திரும்ப வந்தன. கற்றுக்கொண்டதாக ஒரு வரிகூட இல்லை. எப்போது நிரல் எழுதும் பணிக்கு மாற்றுவீர்கள் என்று மின்னஞ்சலில் கேட்கச் சொன்னேன். தேதி குறிப்பிட்டு ஒரு பதிலும் வரவில்லை. விலகிவிடுங்கள் என்று நானே சொன்னேன். அதைத் தவறான ஆலோசனையாக இன்றும் கருதவில்லை.

நான்கு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. சம்பளம் தள்ளிப்போவது, இல்லாத அனுபவத்தைச் சுயவிவரத்தில் எழுதி வாடிக்கையாளரிடம் காட்டச் சொல்வது, உடல் உறக்கத்தையும் உணவையும் மறுப்பது ஆகியவை அத்தகையவை. பாலியல் தொல்லை என்றால், வேலையை விடுவதோடு புகாரையும் விட்டுவிட வேண்டியதில்லை. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும், சம்பவம் நடந்த 3 மாதங்களுக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும்.

விலகுவது என்று முடிவானால், முதலில் ஆஃபர் லெட்டரை மறுபடியும் முழுமையாகப் படிக்க வேண்டும். பல நிறுவனங்களில், ப்ரொபேஷன் என்னும் தகுதிகாண் காலத்தில் நோட்டீஸ் பீரியட், அதாவது ராஜினாமா தந்தபின் வேலை பார்க்க வேண்டிய காலம், 15 அல்லது 30 நாட்களாகவும், பணி உறுதியான பிறகு 60 அல்லது 90 நாட்களாகவும் இருக்கும் என்பதால், விலகும் எண்ணம் உறுதியாக இருப்பவர் பணி உறுதியாகும் தேதியைக் கவனிப்பது நல்லது. சேரும்போது ஊக்கத்தொகை வாங்கியிருந்தால், ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

குறித்த காலத்துக்கு முன் விலகினால் பணம் தருவதாகப் பாண்டு எழுதிக் கொடுத்தவர்களிடம் இரண்டு தவறான நம்பிக்கைகளைக் காண்கிறேன். கையெழுத்திட்டதால் விலகவே முடியாது என்பது ஒன்று; பாண்டு எதுவும் சட்டப்படி செல்லாது என்பது மற்றொன்று. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தத்தைச் செல்லாததாக்குகிறது. 74-ஆம் பிரிவோ, ஒப்பந்தத்தை மீறினால் அதில் குறித்த தொகைக்கு மிகாமல் நியாயமான இழப்பீட்டைப் பெறலாம் என்கிறது. மூன்று ஆண்டுகளுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனையை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே உங்களுக்கு உண்மையில் என்ன பயிற்சி அளிக்கப்பட்டது, குறித்த தொகை அதற்கு ஈடானதா என்பதை வைத்து ஒரு வழக்கறிஞரிடம் பேசுங்கள். அசல் சான்றிதழ்களை மட்டும் எந்த நிறுவனத்திடமும் பிணையாகக் கொடுக்காதீர்கள்.

சொல்லாமல் நின்றுவிடுவதுதான் எல்லாவற்றிலும் கெடுதலானது. திங்கட்கிழமை போகாமல் இருந்துவிட்டுக் கைப்பேசி எண்ணையும் மாற்றிய ஒருவரை எனக்குத் தெரியும். சுயவிவரத்தில் அந்த இரண்டரை மாதத்தை அவர் எழுதவே இல்லை. அடுத்த நிறுவனம் சரிபார்த்தபோது, சேர்ந்த தேதி இருந்து விலகிய தேதி இல்லாத ஒரு பதிவு அவருடைய பிஎஃப் என்னும் வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் இருந்தது; கைக்கு வந்த வேலை போயிற்று. நிறுவனங்கள் மாறினாலும், பிஎஃப் உறுப்பினருக்குத் தரப்படும் யுஏஎன் என்ற 12 இலக்க எண் மாறுவதில்லை. விலகிய தேதியை நிறுவனம் பதியாமல் விட்டால், கடைசிச் சந்தா செலுத்தி இரண்டு மாதம் கழிந்தபின் உறுப்பினரே இணையத்தில் பதியலாம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஆள் எடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: மூன்று மாதத்தில் விலகிய ஒருவரை, காரணத்தை நேராகச் சொன்னால் நான் நிராகரித்ததில்லை, மறைத்தவரைப் பலமுறை நிராகரித்திருக்கிறேன்.

வீட்டில் சொல்வது பலருக்கு மேனேஜரிடம் சொல்வதைவிடக் கடினம். "அடுத்த வேலை என்னைக்குக் கெடைக்கும்?" என்று அப்பா கேட்பார். மூன்று மாதச் செலவுக்குக் கையில் பணமோ, இன்னொரு ஆஃபரோ வைத்துக்கொண்டு பேசினால் அந்தக் கேள்விக்குத் தலைகுனிய வேண்டியிருக்காது. நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும் என்பதால், பெற்றோரை அதில் சேர்த்திருப்பவர்கள் மாற்று ஏற்பாட்டை முன்னதாகவே செய்ய வேண்டும்.

கடைசி நாளன்று மாலைக்குள் அலுவலக மின்னஞ்சல் மூடப்பட்டுவிடும். சம்பளச் சீட்டுகள், ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட மின்னஞ்சல், மடிக்கணினியைத் திருப்பித் தந்ததற்கான ரசீது ஆகியவற்றை அதற்கு முன்பே தனிப்பட்ட முகவரிக்கு எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்; பணியிலிருந்து விடுவித்ததற்கான ரிலீவிங் லெட்டர் எந்தத் தேதியில் வரும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த நிதியாண்டில் வாங்கிய சம்பளக் கணக்கைப் புதிய நிறுவனத்திடம் தெரிவிக்கத் தவறினால் இரு நிறுவனங்களும் தனித்தனியே வரி கணக்கிட்டிருக்கும். அதனால் பிடிக்காமல் விடுபட்ட வரியை, வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது மொத்தமாகக் கட்ட நேரும்.