அளவுகோலுக்கு வருமுன் சுருங்கிவிடும் திசு

நாக்குப் புற்றுநோய்க்காக அகற்றப்பட்ட திசு எங்கள் நோயியல் ஆய்வக மேசைக்கு வரும்போது, கட்டி எத்தனை மில்லிமீட்டர் ஆழம் ஊடுருவியிருக்கிறது என்பதை நுண்ணோக்கியில் அளந்து எழுதுகிறோம். கட்டி, நிணநீர்க் கணு, பரவல் ஆகிய மூன்றைக் கொண்டு புற்றுநோயின் நிலையைக் குறிக்கும் டி.என்.எம். வகைப்பாட்டின் எட்டாம் பதிப்பின்படி, 2 சென்டிமீட்டருக்கு மிகாத கட்டியானாலும் ஆழம் 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் கட்டியின் படி டி1 என்பதிலிருந்து அடுத்ததான டி2 ஆகிறது. கழுத்து நிணநீர்க் கணுக்களை எடுப்பதா என்ற முடிவிலும் அந்த எண்ணுக்குப் பங்குண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய திசு ஒன்று, வாய் குறுகிய புட்டியில் திணிக்கப்பட்டு, சுருண்டு விறைத்து வந்தது. திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் கரைசலில் இறுகியதை மீண்டும் விரிக்க முடியாது என்பதால், மேற்பரப்பு எது, அடிப்பகுதி எது என்று ஊகித்தே துண்டாக்கினோம். முதல் ஸ்லைடில் ஆழம் 5 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. மேற்பரப்பை மூடும் செல்லடுக்கான எபிதீலியம் சாய்வாக வெட்டுப்பட்டிருந்ததைக் கவனித்து, மெல்லியதாகச் சீவுவதற்காகத் திசுவைப் பதித்திருந்த மெழுகை உருக்கி, அதை நிமிர்த்திப் பதித்து மறுபடி வெட்டியபோது, அளவு 5க்குள் அடங்கியது. செங்குத்துக் கோட்டிலிருந்து 30 பாகை சாய்ந்தாலே 4.6 மில்லிமீட்டர் 5.3 ஆகத் தெரியும் என்பது எளிய கோணக் கணக்கு. மெழுகில் பதிக்கும்போது நேர்ந்த சாய்வைத் திருத்தலாம். துண்டாக்கும்போதே நேர்ந்ததைத் திருத்துவது மிகக் கடினம்.

சாய்வு அளவைக் கூட்டுகிறது என்றால், சுருக்கம் குறைக்கிறது. வெட்டியெடுத்த உடனேயே தசை இழுத்துக்கொள்கிறது. பிறகு ஃபார்மலின், ஆல்கஹால், சைலீன், சூடான பாரஃபின் என ஒவ்வொன்றும் தன் பங்குக்குத் திசுவைச் சுருக்குகின்றன. அறுவை மருத்துவர் கட்டியைச் சுற்றி 1 சென்டிமீட்டர் நல்ல திசு விட்டு வெட்டியிருந்தும் எங்கள் அறிக்கையில் அந்த விளிம்பு அதைவிடக் குறைவாக வருவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். யாருடைய கவனக்குறைவும் அன்று. தசையும் சளிப்படலமும் ஒரே விகிதத்தில் சுருங்குவதில்லை என்பதால், ஏதோ ஓர் எண்ணால் பெருக்கி ஈடுகட்டுவதை நான் ஏற்பதில்லை.

நுண்ணோக்கியின் கண்ணருகு வில்லையிலுள்ள அளவுகோலை ஒவ்வொரு பொருளருகு வில்லைக்கும் தனித்தனியே சரிபார்த்தாக வேண்டும். அது எங்கள் பொறுப்பு. அறுவை அரங்கிலிருந்து நான் வேண்டுவது, திசுவை எடுத்தவுடன் அதிகம் இழுக்காமல் தெர்மகோல் தகட்டில் விரித்து ஊசி குத்தி, திசுவின் கன அளவைப்போல் பத்து மடங்காவது 10 சதவீத நடுநிலை ஃபார்மலின் கொள்ளும் அகன்ற வாய்ப் பாத்திரத்தில் அது முழுதும் மூழ்கும்படி இட்டு, எடுத்த நேரத்தையும், முன்முனையைக் குறிக்கும் நூல் முடிச்சு எது என்பதையும் படிவத்தில் எழுதி அனுப்புவதே.