பெப்பர்: மிளகுக்கு ஒட்டிக்கொண்ட திப்பிலியின் பெயர்

சமையல் குறிப்புகளில் 'பெப்பர்' என்று எழுதுவது இன்று சாதாரணமாகிவிட்டது. ஆனால் அந்தச் சொல் முதலில் குறித்தது மிளகை அல்ல, திப்பிலியை.

வடமொழியில் திப்பிலிக்குப் 'பிப்பலீ' என்று பெயர். தமிழின் திப்பிலியும் அதற்கு இனமான சொல்தான். வணிகர்களோடு மேற்கே போன பிப்பலீ, லகரம் ரகரமாகத் திரிந்து, கிரேக்கத்தில் 'பெபெரி', இலத்தீனில் 'பிபெர்' ஆனது. ஆங்கில 'பெப்பர்', ஜெர்மானிய 'ப்ஃபெஃபர்', பிரெஞ்சு 'புவாவ்ர்' எல்லாம் அந்த வழியில் வந்தவை. அரபோ லகரத்தை விடாமல் 'ஃபில்ஃபில்' என்றது. திப்பிலி, மிளகு இரண்டையும் மேற்கத்தியர் அந்த ஒரே பெயரால் அழைத்தார்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி தரும் விலைப்படி, ஒரு பவுண்டு திப்பிலி 15 தெனாரியம் (ரோமானிய வெள்ளிக்காசு). கருமிளகு 4 தான். மலிவான மிளகு பெருகப் பெருக, பெயரும் அதற்கே உரியதாயிற்று.

தமிழில் இந்தக் குழப்பம் நேரவே இல்லை. மிளகுக்குக் 'கறி' என்றொரு பழம்பெயரும் உண்டு. யவனரின் கலம் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' சேரநாட்டுத் துறைமுகமான முசிறியை அகநானூறு (149) பாடுகிறது. பொன்னுக்கு ஈடாகக் கப்பலேறிய சரக்கு அது! அப்படிப்பட்ட பொருளை இரவல் பெயரால் அழைப்பது எனக்கு உறுத்துகிறது.

கொலம்பசுக்குப் பின் அமெரிக்காவிலிருந்து வந்த காரக்காய்க்கும் ஐரோப்பியர் மிளகின் பெயரையே நீட்டினார்கள். தமிழ் 'மிளகு', 'காய்' இரண்டையும் சேர்த்து 'மிளகாய்' என்று தெளிவாகப் பிரித்துக்கொண்டது. மலையாளத்தில் 'முளகு' என்றாலே மிளகாய் என்றாகிவிட, பழைய மிளகு 'குருமுளகு', 'நல்லமுளகு' என்று அடைமொழி பூண்டது. குமரி மாவட்டத் தமிழிலும் அது நல்லமிளகுதான். இந்தியின் 'மிர்ச்' கதையும் இதேதான்: மிளகைக் குறித்த வடமொழி 'மரிச'த்திலிருந்து பிறந்து மிளகாய்க்குப் போய்விட்டது.

ஆகவே பெப்பர் என்று கண்ட இடமெல்லாம் மிளகு என்று மாற்றிவிட முடியாது. 'பிளாக் பெப்பர்' மிளகு, 'பெல் பெப்பர்' குடைமிளகாய், 'சில்லி பெப்பர்' மிளகாய், 'லாங் பெப்பர்' திப்பிலி. 'நீள மிளகு' என்று எழுதிவிடாதீர்கள். மருந்துக் குறிப்பை மொழிபெயர்ப்பவர்களுக்கு இந்தக் கவனம் இன்னும் அவசியம்: சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்ததே திரிகடுகம், அதில் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட முடியாது.