பெட்ரோலில் மூச்சுமுட்டும் எஞ்சின்

சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. ஆக்சிலரேட்டரை நாலு மிதி மிதித்துவிட்டு மறுபடி திருப்பினால் பெட்ரோல் வாடைதான் மூக்கில் ஏறுகிறது. கிக்கர் ஸ்கூட்டரோடு மல்லுக்கட்டிய தலைமுறைக்கு இது பழகிய வாடை. "ஓவர்ஃப்ளோ ஆயிடுச்சு சார், பிளக்கைக் கழட்டித் துடைங்க" என்பார் மெக்கானிக். அமெரிக்காவில் 1970களின் செவர்லே சி-10 பிக்கப்பை ஆசையாக வைத்திருப்பவருக்கும் இதே தலைவலிதான். என்ன, ஸ்கூட்டரில் ஒரு பிளக். அந்த வி-8 எஞ்சினில் எட்டு.

பெட்ரோல் கூடுதலாகப் போனால் இன்னும் நன்றாகத்தானே எரிய வேண்டும்? எரிவது திரவம் அல்ல, ஆவி. எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். காற்றில் பெட்ரோல் ஆவி கன அளவில் 7.6 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் பொறி பட்டாலும் பற்றாது. போதாக்குறைக்கு பிளக்கும் நனைந்துவிடும். அதில் படிந்த ஈரக்கரி வழியாக மின்சாரம் கசிந்துபோனால் பொறியே தாவாது.

காலையில், குளிர்ந்த எஞ்சினில் மட்டும் இப்படி ஆனால் முதலில் நம் காலைத்தான் சந்தேகிக்க வேண்டும். பெடலை மிதிக்கும் ஒவ்வொரு முறையும், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் இருக்கும் ஒரு சின்ன பம்ப், பீச்சாங்குழல் மாதிரி பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. பெடலை ஒரே அழுத்தாக அடிவரை அழுத்தி, எடுக்காமல், பத்து விநாடி ஸ்டார்ட்டரைச் சுற்றவிடுங்கள். எஞ்சினுக்குள் போகும் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தகடு முழுதாகத் திறக்கும். குளிர்ந்த எஞ்சினில் காற்றைக் குறைப்பதற்காக மூடியிருக்கும் சோக் தகட்டையும் ஒரு நெம்புகோல் கொஞ்சம் திறந்துவிடும். உள்ளே புகும் காற்று ஈரத்தை வாரிக்கொண்டு போகும். பிடிக்காவிட்டால் ஸ்டார்ட்டர் சூடு ஆறும்வரை பொறுத்து மறுபடி முயலலாம். அந்த நேரத்தில் கார்புரேட்டருக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம். எஞ்சின் திருப்பி அடித்தால் தீ மேலே வரும், புருவம் போய்விடும்.

வண்டி ஓடும்போதே கரும்புகை கக்குகிறது, ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் சும்மா ஓடவிட்டால், திணறுகிறது என்றால் கதை வேறு. சூடான பிறகும் சோக் மூடியபடியே நிற்கிறதா என்று பாருங்கள். அது திறந்திருந்தால், குற்றவாளி அநேகமாக மிதவைதான்.

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் பந்து வால்வு இருக்குமே, கார்புரேட்டர் கிண்ணத்துக்குள்ளும் அதேதான். பெட்ரோல் ஏற ஏற மிதவை உயர்ந்து, ஊசி போன்ற ஒரு வால்வை அதன் இருக்கையில் அழுத்தி வரத்தை அடைக்கும். சதுர அங்குலத்துக்கு ஐந்தாறு பவுண்டு அழுத்தத்தில், டேங்கிலிருந்து பெட்ரோலைக் கொண்டுவரும் பம்ப் தள்ளுவதை இந்தத் துக்கடா ஊசிதான் தடுத்து நிற்கிறது. நடுவில் ஒரு துரும்பு சிக்கினால் போதும், கிண்ணம் வழியும். கிண்ணத்தின் பக்கவாட்டில் ஸ்க்ரூட்ரைவர் கைப்பிடியால் லேசாக இரண்டு தட்டு தட்டினால் சில சமயம் துரும்பு விலகிவிடும். கேட்க நாட்டு வைத்தியம் போலிருந்தாலும் வேலை செய்யும். வண்டிக்குப் புதுசாக எலக்ட்ரிக் பம்ப் போட்டிருந்தால் அதன் அழுத்தத்தையும் அளந்துவிடுங்கள். கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலை நேரடியாகப் பீய்ச்சும் இன்ஜெக்ஷன் வண்டிகள் பலவற்றுக்கான பம்ப் 40 பவுண்டுக்கு மேல் தள்ளும். அதற்கு முன்னால் ஊசி எம்மாத்திரம்!

மிதவையே கெட்டுப்போவதும் உண்டு. பித்தளை மிதவையைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். களக் களக்கென்று சத்தம் வந்தால் உள்ளே பெட்ரோல் புகுந்திருக்கிறது. சத்தமில்லை, ஆனாலும் சந்தேகமா? அடுப்பை அணைத்துவிட்டு, வெந்நீரில் அமுக்கிப் பிடியுங்கள். உள்ளிருக்கும் காற்று விரிந்து, கண்ணுக்குத் தெரியாத ஓட்டையிலிருந்து குமிழ் குமிழாக வரும். அந்த சி-10 வண்டிகள் பலவற்றில் இருந்த ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டரில் நுரைப்பொருளால் ஆன மிதவை. அது ஓட்டையாகாது, வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துவிடும். பார்வைக்குப் புதுசு போலவே இருக்கும். எடை போட்டுப் பார்த்து மாற்றுவதுதான் வழி.

இதைக் கழற்றாமலே கண்டுபிடிக்க முடியுமா? முடியும். எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு நிறுத்திய கையோடு ஏர் ஃபில்டரைத் தூக்கி, டார்ச் அடித்துக் கார்புரேட்டரின் தொண்டைக்குள் பாருங்கள். பெட்ரோல் வெளிவரும் குழாயான நாசிலின் முனை உலர்ந்திருக்க வேண்டும். அப்போதே சொட்டினால் மிதவை அல்லது ஊசி. உடனே சொட்டாமல், கொதிக்கும் எஞ்சினை நிறுத்திக் கால்மணி நேரம் கழித்துச் சொட்டினால் மிதவை மேல் பழி போடாதீர்கள். ஓடும்போது காற்றும் புதுப் பெட்ரோலும் கார்புரேட்டரைக் குளிர்வித்தன. நின்றதும் கீழிருந்து சூடு ஏறி, கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்துப் பொங்குகிறது. 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் இன்னும் சுலபமாக ஆவியாகும் என்பதால் வெயில் காலத்தில் இந்தத் தொல்லை கூடும். கார்புரேட்டருக்கு அடியில் சூட்டைத் தடுக்கும் தடித்த ஸ்பேசர் வைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

எது காரணமாக இருந்தாலும், வண்டி பிடித்த சந்தோஷத்தில் அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விடாதீர்கள். ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக் குச்சியை இழுத்து முகர்ந்து பாருங்கள். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கியிருக்கும். ஆயில் மட்டம் ஏறி, தண்ணீர் மாதிரி ஓடி, பெட்ரோல் வாடை அடித்தால் முதல் வேலை ஆயிலை மாற்றுவது.